குரோமும் சயனைடும் ஒரே கூரையின் கீழ்: வட சென்னைப் பிளேட்டிங் பட்டறை ஒன்றின் கழிவுநீர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வியாசர்பாடிப் பக்கம் உள்ள ஒரு பிளேட்டிங் பட்டறையில், அதாவது சாமான்களுக்கு மின்சாரத்தால் உலோகப் பூச்சு கொடுக்கும் இடத்தில், கழிவுநீரை மின்சாரத்தால் சுத்திகரிக்க எடுத்த முயற்சியின் பதிவு இது. பட்டறை யாருடையது, அங்கே வேலை செய்பவர்கள் யார் என்பதைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றையும் எழுதியிருக்கிறோம். இதே மாதிரிப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சுத்திகரிப்பு வசதி அமைத்துக் கொடுக்கும் பொறியாளர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதே நோக்கம்.

பட்டறையில் இரண்டு வேலைகள் நடந்தன. முன்பக்கம் ஹார்டு குரோம். ஹைட்ராலிக் ராடுகள், ஷாஃப்டுகள் வரும். பின்பக்கம் சயனைடு ஜிங்க். போல்ட், நட், வாஷர் எல்லாம் பேரலில் போட்டுச் சுற்றுவார்கள். ஜிங்க் ஏறிய சாமானுக்குக் கடைசியில் மஞ்சள் பாஸிவேஷன், அதாவது துருவைத் தடுக்கும் மெல்லிய படலம், கொடுப்பார்கள். வானவில் மினுமினுப்போடு மஞ்சளாக இருக்கிறதே, அந்தப் போல்ட்டுகள்தான். அந்த மஞ்சளும் குரோமியம் சேர்ந்த குரோமேட்தான். ஆக, குரோமியம் பட்டறையின் இரண்டு மூலைகளிலிருந்தும் வந்தது. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கழிவுநீருக்கு அதுவரை இருந்த ஏற்பாடு பழைய முறை. எல்லா அலசல் நீரும் ஒரே தொட்டிக்கு வரும். அதில் சல்ஃப்யூரிக் ஆசிட் ஊற்றி பி.எச். 2, 3 அளவுக்கு இறக்கி, சோடியம் மெட்டாபைசல்ஃபைட் போட்டு, பிறகு சுண்ணாம்பு கரைத்து ஏற்றுவார்கள். குரோமியத்துக்கு மட்டும் என்றால் இது சரியான முறைதான், உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அதே தொட்டிக்குச் சயனைடு நீரும் வந்துகொண்டிருந்தது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் எடுத்த மாதிரியில், குரோமியத்தின் கொடிய விஷ வடிவமான ஹெக்ஸா குரோமியம் வரம்பைத் தாண்டியிருந்தது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்த பிறகு, பட்டறையின் உரிமையாளர் எங்களைக் கூப்பிட்டார்.

அந்தப் பகுதியின் நீர் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். கேப்டன் காட்டன் கால்வாய் வியாசர்பாடி வழியாகப் போய் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வரை போகிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடமும் அதுதான். இறால், நண்டு, மடவை என்று அந்தக் கழிமுகத்தை நம்பிப் பிழைக்கும் குப்பங்கள் அங்கே இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படகிலும் வலையிலும் அப்பியதை ஊரே பார்த்தது. எண்ணெய் கறுப்பாக மிதப்பதால் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. லிட்டருக்கு அரை மில்லிகிராம் குரோமியம் யார் கண்ணுக்கும் தெரியாது.

பட்டறைக்குள் கண்டது

முதலில் எந்தக் கருவியும் கொண்டுபோகவில்லை. எந்தத் தொட்டியிலிருந்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தோம்.

குரோம் பாத்தில் (பூச்சுக் கரைசல் தொட்டியில்) லிட்டருக்கு 250 கிராம் அளவில் குரோமிக் ஆசிட் இருந்தது. அதில் குரோமியம் மட்டும் 130 கிராம். ராடைத் தூக்கி அடுத்த தொட்டிக்குக் கொண்டுபோகும்போது 10 மில்லி சொட்டினால் போதும். 1.3 கிராம் குரோமியம் அலசல் நீரில் கலந்துவிடும். 26 லிட்டர் தண்ணீரை லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற நிலைக்குக் கொண்டுவர அது போதும். வெளியேற்றலாம் என்று சட்டம் அனுமதிக்கும் அளவு ஹெக்ஸா குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம். அந்த 10 மில்லியை வெறும் தண்ணீரால் அந்த அளவுக்கு நீர்த்துப்போகச் செய்ய 13,000 லிட்டர் வேண்டும், அதாவது ஒரு பெரிய லாரித் தண்ணீர். தண்ணீர் கலந்து சமாளித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

அங்கே முப்பது வருடமாக குரோம் தொட்டியருகே நிற்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். விரல் கணுக்களில் வட்டவட்டமாக ஆழமான தழும்புகள். குரோம் புண் ஆறிய தடங்கள். மூக்குத் தண்டில் ஓட்டை விழுந்திருந்தது. "வலிக்காது சார், சளி பிடிச்சாத்தான் விசில் அடிக்கும்" என்றார். ஹெக்ஸா குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1990-லேயே வகைப்படுத்திவிட்டது. கழிவுநீர் பற்றிப் பேசும்போது கால்வாயும் கடலும்தான் எல்லோர் நினைவுக்கும் வருகின்றன. அந்த விஷம் முதலில் தொடுவது பட்டறைக்குள் நிற்பவர்களைத்தான்.

எங்களைப் பதற வைத்தது இன்னொன்று. ஆசிட் கேன்கள் இருந்த மேடைக்கும் சயனைடு உப்பு டிரம்முக்கும் இடையே நாலு எட்டு கூட இல்லை. இரண்டின் கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்து, அதே தொட்டியில்தான் ஆசிட்டும் ஊற்றப்பட்டது. பி.எச். 9-க்குக் கீழே இறங்க இறங்கச் சயனைடு நீரில் நிற்காது. ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகப் பிரியும். மூடிய இடத்தில் அது ஆளைச் சாய்க்க நிமிடங்கள் போதும். தொட்டி திறந்த வெளியில் இருந்ததும், சயனைடு நீர்த்துப் போயிருந்ததும்தான் இத்தனை நாள் காப்பாற்றியிருக்க வேண்டும். அன்றைக்கே அந்தத் தொட்டியில் ஆசிட் ஊற்றுவதை நிறுத்தச் சொன்னோம். உரிமையாளர் மறுபேச்சில்லாமல் நிறுத்தினார்.

எடுத்த முடிவும் காரணமும்

மின்வேதி முறையை நாங்கள் தேர்ந்தெடுத்ததன் முதல் காரணம் இதுதான்: குரோமியத்தைக் குறைக்க ஆசிட் வேண்டாம். செலவு இரண்டாம்பட்சம்.

சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புத் தகடுகளை நீரில் வரிசையாக நிறுத்தி நேர்திசை மின்சாரம் (டி.சி.) கொடுத்தால், நேர்முனைத் தகட்டிலிருந்து இரும்பு ஃபெரஸ் அயனியாகக் கரைந்து நீரில் இறங்கும். அந்த ஃபெரஸ், ஹெக்ஸா குரோமியத்தை விஷம் குறைந்த ட்ரை குரோமியமாக மாற்றும், தான் ஃபெரிக் ஆகிவிடும். பிறகு பி.எச். 8, 8.5 அளவில் இரண்டும் ஹைட்ராக்ஸைடாகத் திரண்டு அடியில் படியும். எலக்ட்ரோ கோயாகுலேஷன் என்று சொல்வது இதைத்தான். லேசான அமிலத்தன்மையிலும், நடுநிலையை ஒட்டியும் வேலை நடக்கும் என்பதால், சயனைடு இருக்கும் கூரையின் கீழ் சல்ஃப்யூரிக் ஆசிட் கேனைத் தூக்கிக்கொண்டு யாரும் கழிவுத் தொட்டிப் பக்கம் வர வேண்டியதில்லை.

இரும்பு எவ்வளவு கரையும் என்பது ஃபாரடே 1830களில் கண்ட விதிப்படி. ஒரு ஆம்பியர் மணிக்கு 1.04 கிராம். ஒரு குரோமியம் அணுவுக்கு மூன்று இரும்பு அணு வேண்டும் என்பதால் ஒரு கிராம் ஹெக்ஸா குரோமியத்துக்கு 3.2 கிராம் இரும்பு. ஆயிரம் லிட்டர் நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் இருந்தால் மொத்தக் குரோமியம் 50 கிராம், தேவையான இரும்பு 161 கிராம், மின்னோட்டம் 155 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் ஓடவிட்டால் ஒன்றரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். கொஞ்சம் கூட்டி இரண்டு மணி நேரம் என்று வைத்தோம். 8 வோல்ட்டில் இதற்கு ஆகும் மின்சாரம் 1.6 யூனிட். பட்டறையில் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ஒரு பழைய 12 வோல்ட் ரெக்டிஃபையர் சும்மா கிடந்தது. அதையே துடைத்துத் தூக்கிப் பொருத்தினோம். பிளேட்டிங் பட்டறைக்காரர்களுக்கு ரெக்டிஃபையர், பஸ்பார், ஆனோடு (நேர்முனைத் தகடு) எல்லாம் கைப்பழக்கம். அவர்களுக்குப் புரியாத புது இயந்திரம் எதையும் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கவில்லை. இந்த முறை சிறு பட்டறைகளுக்குப் பொருந்தும் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சயனைடுக்குத் தனித் தொட்டி, தனிக் குழாய், வேறு நிறப் பெயின்ட். அங்கே கரையாத ஆனோடு வேண்டும் என்பதால் உலோக ஆக்ஸைடு பூசிய டைட்டானியம் வலை போட்டோம். கிராஃபைட் மலிவுதான், ஆனால் உதிர்ந்துகொண்டே இருக்கும். நீரில் உப்பு சேர்த்து மின்சாரம் விட்டால் ஆனோடில் குளோரின் பிறந்து ஹைப்போகுளோரைட் ஆகி, சயனைடை விஷம் மிகக் குறைந்த சயனேட்டாக்கும். கட்டாயமான நிபந்தனை ஒன்று: பி.எச். 10-க்கு மேல் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் சயனோஜன் குளோரைடு என்ற வாயு தங்கிவிடும், அதுவும் விஷம். அதனால் காஸ்டிக் சோடா போட்டு, பி.எச். மீட்டர் 10.5 காட்டிய பிறகுதான் ஸ்விட்ச் என்று விதி வைத்தோம். சயனேட் ஆனதும், பி.எச்.சை எட்டரைக்குக் கொண்டுவந்து இரண்டாம் கட்டத்தில் அதையும் உடைப்பது.

மின்சாரத்தால் சயனைடை உடைப்பது அடர்த்தியாக இருக்கும்வரைதான் லாபம். நீர்த்துப்போகப் போக மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரைப் பிளக்கத்தான் செலவாகும். ஆகவே முதல் அலசல் தொட்டியின் நீரை மட்டும் இந்தத் தொட்டிக்குக் கொண்டுவந்தோம். மிச்சமிருக்கும் கொஞ்சத்தை, முடிவில் வழக்கமான ஹைப்போகுளோரைட் கரைசலால் முடிப்பது என்று ஏற்பாடு.

ஓடத் தொடங்கியபோது

குரோம் லைனின் நீர் எதிர்பார்த்தபடியே நடந்தது. இரும்புத் தகடுகள் நிற்கும் கலம் ஓடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எலுமிச்சை மஞ்சள் மங்கி, பாசிப்பச்சையாகி, பிறகு பழுப்புத் திரளாகக் கலங்கும். பாலிமர் ஒரு சொட்டு போட்டு நிறுத்தினால் திரள் இறங்கி மேலே தெளிவு நிற்கும். டைஃபினைல் கார்பஸைடு சொட்டு போட்டுப் பார்ப்போம். ஹெக்ஸா குரோமியம் இருந்தால் ஊதா கலந்த சிவப்பு ஏறும். நிறம் ஏறவில்லை. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய மாதிரியும் 0.1-க்குக் கீழே வந்தது.

பட்டறையின் போர்த் தண்ணீர் உப்புக் கரித்தது. பிளேட்டிங்குக்கு அது தொல்லை என்றாலும் இங்கே கைகொடுத்தது. குளோரைடு இருந்தால் நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும், இரும்பின் மேல் படியும் ஆக்ஸைடு படலமும் உடையும். ஆனாலும் தகட்டில் படிவு சேரத்தான் செய்தது. அதே ஆம்பியருக்கு வோல்ட் மெல்ல ஏறுவதுதான் அதன் அறிகுறி. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை முனைகளை மாற்றிப் போட ஒரு சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் வைத்ததும் அது கட்டுக்குள் வந்தது.

ஹைட்ரஜனைப் பற்றி ஒரு வார்த்தை. 100 ஆம்பியர் ஓடும் கலத்தில் எதிர்முனையிலிருந்து மணிக்கு 45 லிட்டருக்குக் குறையாமல் ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கலத்தை மூடி வைத்து அழகு பார்க்கக்கூடாது. மேலே திறந்து, ஷெட்டின் கூரை உச்சியில் வாயு வெளியேற வழி விட்டு, பக்கத்தில் வெல்டிங் கூடாது என்று எழுதி ஒட்டினோம்.

நீல நுரை

சிக்கல் ஜிங்க் பக்கத்திலிருந்து வந்தது. பாஸிவேஷன் அலசல் நீரிலும் குரோமேட்தானே, அதனால் அதையும் குரோம் நீரோடு இரும்புத் தகட்டுக் கலத்துக்கே அனுப்பிவந்தோம். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் நீர் சுத்தம். ஆனால் ஆய்வக அறிக்கை ஒன்றில் மொத்தச் சயனைடு, வரம்பான 0.2 மில்லிகிராமைப் பல மடங்கு தாண்டி வந்தது. சயனைடுத் தொட்டியிலிருந்து வந்த நீரில் இல்லை, குரோம் பக்கத்து நீரில். அதே நீரைப் பட்டறையில் இருந்த சயனைடு கிட்டால் பார்த்தால் ஒன்றுமே காட்டவில்லை.

ஆய்வகம் மாதிரியை மாற்றிவிட்டது என்று உரிமையாளர் நினைத்தார். அந்த முடிவுக்கு நாங்களும் போயிருக்கலாம். பெரியவர்தான் தடுத்தார். ஒருநாள் காலை, இரவு ஷிஃப்ட் நீர் ஓடிக்கொண்டிருந்தபோது கலத்தின் ஓரத்தைக் காட்டினார்.

"இன்னா சார் இது, சொட்டு நீலம் கலந்த மாதிரி இருக்கு?"

நுரையின் விளிம்பில், தகடு நீரை விட்டு வெளியே வரும் கோட்டில், விரலகலத்துக்கு நல்ல நீலம். வழக்கமான பச்சையோ பழுப்போ இல்லை. தகட்டில் விரலால் தேய்த்தால் கையுறையில் ஒட்டியது. அரை மணி கழித்துச் சுண்ணாம்பு விட்டு பி.எச்.சை ஏற்றியதும் அந்த நீலம் காணாமல் போனது, வெறும் துருநிறம் மிஞ்சியது.

வேதியியல் படித்தவர்களுக்கு அந்த நீலம் தெரிந்திருக்கும். இரும்பும் சயனைடும் சேர்ந்தால் வரும் பிரஷ்யன் நீலம் அது. கலத்தில் கரைந்த இரும்பு, நீரிலிருந்த சயனைடைப் பிடித்து ஃபெரோசயனைடு ஆக்கிவிட்டது. அது அங்கேயே இருந்த ஃபெரிக் இரும்போடு சேர்ந்து நீலமாகப் படிந்தது. காரத்தன்மை ஏறியதும் நீலம் உடைந்து, இரும்பு துருவாகப் பிரிய, ஃபெரோசயனைடு திரும்ப நீரில் கரைந்துபோனது. இதில் இரண்டு கெடுதல். ஒன்று, பட்டறை கிட் தனிச் சயனைடை மட்டுமே காட்டும். இரும்போடு இறுகக் கட்டிய சயனைடை அது பார்க்காது. மாதிரியை ஆசிட்டில் காய்ச்சி வடிக்கும் மொத்தச் சயனைடு சோதனைதான் பார்க்கும். இரண்டு, ஜிங்க்கோடு சேர்ந்த சயனைடை ஹைப்போகுளோரைட் எளிதில் உடைத்துவிடும், இரும்போடு கட்டியதை உடைக்காது. அதாவது சுலபமாக அழிக்கக்கூடிய ஒரு விஷத்தை, அழிக்க முடியாத வடிவத்துக்கு நம் கலமே மாற்றிக்கொண்டிருந்தது. ஃபெரோசயனைடு தனிச் சயனைடு அளவுக்குக் கொடியதில்லை. ஆனால் வெயில் பட்டால் மெல்ல உடைந்து சயனைடை விடும். கால்வாயில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

சரி, குரோம் பக்கத்து நீரில் சயனைடு எப்படி வந்தது? வரைபடத்தில் இரண்டு லைனும் தனித்தனிதான். பகல் ஷிஃப்டிலும் அப்படித்தான். இரவில் ஆர்டர் குவியும்போது, ஜிங்க் பேரலை ஒரே ஒருமுறை அதன் தொட்டியில் அலசிவிட்டு, இரண்டாவது அலசலுக்குப் பாஸிவேஷன் அலசல் தொட்டியையே பயன்படுத்தியிருக்கிறார்கள். காரணம் சோம்பல் இல்லை. தண்ணீர்தான் காரணம். போர் நீர் உப்பு என்பதால் கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீர் வாங்க வேண்டும். ஒரு தொட்டியைக் குறைத்தால் வாரத்துக்கு ஒரு லாரி மிச்சம் என்று யாரோ எப்போதோ கண்டுபிடித்த சிக்கனம் அது. வீட்டுக்கும் குடத்தில் பிடித்து வாழும் ஊரில் இப்படி யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த இரவுப் பையன்களை யாரும் திட்டக்கூடாது என்று உரிமையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம். திட்டினால் அடுத்த முறை நமக்கு உண்மை தெரியவராது.

இந்தக் கலப்பில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. பாஸிவேஷன் கரைசல் நல்ல அமிலம். சரியாக அலசாத பேரல் அதில் இறங்கினால் சயனைடு வாயு அந்தத் தொட்டிக்கு மேலேயே கிளம்பும். இரவு ஷிஃப்டில் தலைவலி, தலைசுற்றல் என்று சிலர் சொல்லிவந்தது பிறகுதான் பேச்சில் வந்தது. அதற்கு இதுதான் காரணம் என்று நிரூபிக்க எங்களிடம் அளவு எதுவும் இல்லை. ஆனாலும் காத்திருக்கவில்லை, அதே வாரம் அங்கே உறிஞ்சு விசிறி வைத்தோம்.

திரும்பி வந்த மஞ்சள்

இதோடு சேர்ந்து வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கத்திலும் சுத்திகரித்த நீர் கடைசியில் ஒரு சேமிப்புத் தொட்டிக்கு வரும். மாலையில் தெளிவாக இருந்த நீர் சில நாள் மறுநாள் காலையில் வெளிர் மஞ்சளாக இருந்தது. சொட்டு மருந்து போட்டால் சிவப்பு. ட்ரை குரோமியமாக மாற்றி முடித்த பொருள் இரவோடு இரவாக ஹெக்ஸாவாகத் திரும்பியிருந்தது.

காரணம் மிஞ்சிய ஹைப்போகுளோரைட். சயனைடு முழுசாக அழிய வேண்டுமே என்று கொஞ்சம் அதிகமாகவே விடுவது நல்ல பழக்கம்தான். அந்த மிச்சக் குளோரின் காரநீரில் வந்து, குரோம் பக்கத்திலிருந்து படியாமல் தப்பி வந்த நுண்ணிய குரோமியம் திரளோடு சேர்ந்தால் அதைத் திரும்பவும் குரோமேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். இரண்டு சுத்திகரிப்பும் தனித்தனியே சரி, சேர்ந்த இடத்தில் ஒன்றை ஒன்று கெடுத்தது. ஹெக்ஸாவை ட்ரையாக மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். திரளை வடிகட்டி நீரிலிருந்து வெளியே எடுக்கும்வரை வேலை முடியவில்லை.

திருத்தங்கள்

சயனைடு முதலில், இரும்பு பிறகு. இந்த வரிசையை மாற்ற முடியாதபடி குழாயையே மாற்றினோம். ஜிங்க் லைனிலிருந்து வரும் எந்த நீரும், பாஸிவேஷன் அலசல் உட்பட, முதலில் சயனைடுத் தொட்டிக்குத்தான் போகும். அங்கே பி.எச். ஏற்றி, உடைத்து, அயோடைடு ஸ்டார்ச் தாளில் மிச்சக் குளோரினைப் பார்த்து, அளவாக சோடியம் சல்ஃபைட் போட்டு அதைத் தீர்த்த பிறகுதான் இரும்புக் கலத்துக்கு வரும். இந்தத் தாள் சோதனைக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் இதைத் தவறவிட்டால் மிச்சக் குளோரினே கலத்தின் ஃபெரஸைத் தின்றுவிடும், குரோமியத்துக்கு எதுவும் மிஞ்சாது. சேமிப்புத் தொட்டிக்கு முன்னால் ஒரு சின்ன ஃபில்டர் பிரஸ் வந்தது. வடிகட்டாத நீர் எதுவும் அங்கே சேரக்கூடாது.

தண்ணீர்ச் சிக்கனத்துக்கு வேறு வழி கொடுக்காமல் தொட்டியைப் பகிராதே என்று சொல்வது நியாயமில்லை. அதனால் அலசல் தொட்டிகளை எதிரோட்டமாக மாற்றினோம். புதுத் தண்ணீர் கடைசித் தொட்டியில் விழுந்து முதல் தொட்டிக்கு வழிந்து வரும், சாமான் அதற்கு எதிர்த்திசையில் போகும். குரோம் தொட்டிக்கு மேல் ராடைப் பத்து விநாடி கூடுதலாகத் தொங்கவிட்டுச் சொட்டவைக்க ஒரு கொக்கி வைத்தோம். பெரியவர் தன் கையாலேயே அதை வளைத்துக் கொடுத்தார். சொட்டைச் சேர்த்த தட்டிலிருந்து குரோமிக் ஆசிட் நேரே பாத்துக்குத் திரும்பியது. இந்தக் கொக்கிக்கு ஆன செலவு ஒரு துண்டுக் கம்பி. கலத்துக்கு வரும் குரோமியத்தை வேறு எந்தத் திருத்தத்தையும் விட அதிகமாகக் குறைத்தது அதுதான்.

சகதி

மின்சாரத்தால் செய்தால் கழிவே இருக்காது என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள். அப்படியில்லை. மேலே சொன்ன ஆயிரம் லிட்டர் கணக்கில், கரைந்த இரும்பும் குரோமியமும் ஹைட்ராக்ஸைடாக அரைக் கிலோ அளவுக்கு வரும். பிரஸ்ஸில் பிழிந்த கட்டியில் ஈரம் நிறைய இருக்கும் என்பதால் கையில் கிடைப்பது இரண்டு கிலோவாவது இருக்கும். சுண்ணாம்பு முறையை விட இது குறைவு, அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் இதற்குப் பொருந்தும். பொதுவாக 90 நாளுக்கு மேல் பட்டறையில் வைத்திருக்கக்கூடாது. மழை படாத மேடையில் மூட்டை கட்டி, பதிவேட்டில் எழுதி, படிவத்தோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள பாதுகாப்பான கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். சிறு பட்டறைக்கு இது சுமைதான். தனியாக ஒரு வண்டி எடுத்தால் வாடகை கட்டாது. பக்கத்திலுள்ள பட்டறைகளோடு பேசி அனுமதி பெற்ற ஒரே வண்டியில், தனித்தனிப் படிவத்தில் அனுப்பும் ஏற்பாட்டை உரிமையாளரே செய்தார்.

ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய ஒரு குரோமேட் ஆலை விட்டுச் சென்ற கழிவுக் குவியல், பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை மஞ்சளாக்கியதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. பட்டறையின் பின்சுவரோரம் நாலு மூட்டை கிடக்கட்டும் என்று யாராவது சொன்னால் அதைத்தான் நினைவூட்டுகிறோம்.

விளைவு

திருத்தங்களுக்குப் பிறகு வந்த ஆய்வக அறிக்கைகளில் ஹெக்ஸா குரோமியம் 0.1-க்குக் கீழேயும், மொத்தச் சயனைடு 0.2-க்குக் கீழேயும் நின்றன. நீல நுரை மறுபடி வரவில்லை. பார்த்தால் உடனே கலத்தை நிறுத்த வேண்டும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். எழுதியது இரவு ஷிஃப்ட் பையன்களில் ஒருவர். சேமிப்புத் தொட்டி மஞ்சளாவதும் நின்றது. நோட்டீஸுக்குப் பதில் கொடுத்து, மறு மாதிரி எடுக்கப்பட்டு, விவகாரம் முடிந்தது.

முடியாத ஒன்று உப்பு. மின்சாரம் உலோகத்தை எடுத்தது, சயனைடை உடைத்தது. சோடியத்தையும் குளோரைடையும் அது தொடவில்லை, நாமே உப்பு வேறு சேர்த்தோம். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை டிகிரீஸ் (எண்ணெய்ப் பிசுக்கு நீக்கம்) செய்த பிறகு வரும் முதல் அலசலுக்குத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். கடைசி அலசலுக்கு ஆகாது, சாமானில் கறை விழும். மிச்சத்தைக் கூரை போட்ட ஆவியாக்கும் தட்டுகளில் விடுகிறார்கள். கோடையில் அது போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றே ஈரமாக இருக்கும்போது தட்டு காயாது. அந்த மாதங்களில் ஜிங்க் வேலையின் அளவைக் குறைத்துக்கொள்ள உரிமையாளர் ஒப்புக்கொண்டார். அது அவருக்கு நேரடி நஷ்டம், அதைத் தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார்.

அடுத்த பட்டறையில் மாற்றிச் செய்வது

இதே வேலையை இப்போது தொடங்கினால், தரையில் கோடு போடும் நாளே இரவு ஷிஃப்டிலும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்று வைப்போம். எந்தத் தொட்டியில் எது கலக்கிறது என்பதை வரைபடம் சொல்லாது, ஆர்டர் நெருக்கும் நேரத்தில் கைகள் செய்வதுதான் சொல்லும். குரோம் பக்கத்து நீரிலும் முதல் நாளிலிருந்தே மொத்தச் சயனைடு சோதனை. அது கொஞ்சம் விலை கூடிய சோதனை, ஆனாலும் சயனைடு உள்ள எந்தப் பட்டறையிலும் இரும்புத் தகட்டை இறக்கும் முன் அது வேண்டும்.

தகட்டின் தடிமனையும் கூட்டுவோம். மெல்லிய தகடு விளிம்பில் முதலில் தின்னப்பட்டு, நடுவில் கனமாக இருக்கும்போதே கழன்று விழுகிறது. பாதி இரும்பு வீண்.

சயனைடையே விட்டுவிடுவது இவை எல்லாவற்றையும் விட நல்ல வழி. சயனைடு இல்லாத கார ஜிங்க்கும், ட்ரை குரோமியப் பாஸிவேஷனும் புழக்கத்தில் உள்ளவைதான். ஆனால் சயனைடு பாத் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும், கார ஜிங்க் பொறுக்காது. முன்கழுவல் சுத்தமாக இல்லாவிட்டால் உரிந்துவிடும். மஞ்சள் மினுமினுப்பு வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளரும் வெளிர் நீலச் சாயல் போல்ட்டை முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார். பட்டறையில் ஒரு பேரலை மட்டும் இப்போது அந்த முறைக்கு மாற்றியிருக்கிறார்கள். டிகிரீஸிங் தொட்டியைப் பெரிதாக்கி, இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மாதிரி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் ஏற்றுக்கொண்டார். மற்றவர், பூச்சு துருவை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் உப்புத் தெளிப்புச் சோதனை முடிவைக் கேட்டிருக்கிறார், போல்ட்டுகள் சோதனைக்குப் போயிருக்கின்றன.